ஒரு வண்டியின் இன்ஜின், இன்னொரு வண்டியின் கியர்பாக்ஸ்

கோத்தகிரிப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஜீப்புகளின் பானெட்டைத் திறந்து பாருங்கள். பல வண்டிகளில் தொழிற்சாலையில் பூட்டிய இன்ஜின் இருக்காது. பெட்ரோல் இன்ஜின் இருந்த இடத்தில் எங்கிருந்தோ வந்த டீசல் இன்ஜின் உட்கார்ந்திருக்கும். அதற்குப் பின்னால் கியர்பாக்ஸ் மட்டும் பழையது. இலை மூட்டைகளோடு அந்த வண்டி சேற்றுப் பாதையில் ஏறி வருவதைப் பார்த்தால், இன்ஜின் மாற்றுவது சாதாரண வேலை போலத் தோன்றும். சொந்தமாக ஒரு கார் செய்து பார்க்கும் ஆசையோடு என்னிடம் வருகிற இளைஞர்கள் முதலில் கேட்பதும் இதைத்தான்: இந்த இன்ஜினுக்கு அந்த கியர்பாக்ஸ் சேருமா?

சேரும். பொறுமையும் நல்ல லேத் ஒன்றும் இருந்தால் ஏறக்குறைய எதையும் எதனோடும் சேர்த்துவிடலாம். ஆனால் கேட்பவர்களில் பெரும்பாலோர் போல்ட் துளைகளைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். இதில் ஆறு துளை, அதில் எட்டுத் துளை, எப்படிப் பொருத்துவது என்கிறார்கள். துளை போடுவது இந்த வேலையில் கடைசியில் வருவது, எளிதும்கூட. கடினமானது, இன்ஜினின் சுழலும் அச்சையும் கியர்பாக்ஸின் சுழலும் அச்சையும் ஒரே கோட்டில் கொண்டுவந்து நிறுத்துவது. இந்தக் கட்டுரையில் வேறு எது மறந்தாலும் இது மறக்கக் கூடாது.

முதலில் உறுப்புகள். இன்ஜினின் பின்புறம், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்டின் நுனி வெளியே தெரியும். அதில் பிளைவீல் என்ற கனமான சக்கரம் பூட்டியிருக்கும். பிளைவீலின் முகத்தில் கிளட்ச் பிளேட் படிந்திருக்கும். அதன் மேல் பிரஷர் பிளேட் ஸ்பிரிங் விசையோடு அழுத்திக்கொண்டிருக்கும். கியர்பாக்ஸிலிருந்து ஒரு தண்டு முன்னோக்கி நீட்டிக்கொண்டு வரும். அதை இன்புட் ஷாஃப்ட் என்பார்கள். அந்தத் தண்டின் உடலில் நீளவாக்கில் பற்கள் வெட்டியிருக்கும், அவைதாம் ஸ்பிளைன். கிளட்ச் பிளேட்டின் நடுத்துளையிலும் அதே பற்கள். தண்டு அதற்குள் நுழைந்து, இன்னும் முன்னே போய், கிராங்கின் நடுக்குழியில் உள்ள சிறிய வெண்கல வளையத்தில் மூக்கைச் செருகி நிற்கும். அந்த வளையம் பைலட் புஷ். சில இன்ஜின்களில் புஷ்ஷுக்குப் பதிலாகச் சிறு பேரிங் இருக்கும். இவை எல்லாவற்றையும் மூடிக்கொண்டு, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைத்துப் பிடிப்பது பெல் ஹவுசிங்.

ஒரு நிறுவனம் ஒரு வண்டிக்கென்று செய்யும்போது, இன்ஜினின் பின்முகமும் பெல் ஹவுசிங்கின் முன்முகமும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துச் செய்யப்படுகின்றன. இரண்டு டாவல் பின்கள், அதாவது துல்லியமான இரண்டு முளைகள், இரு முகங்களையும் ஒரே இடத்தில் பிடித்து நிறுத்துகின்றன. போல்ட்டுகள் இறுக்குவதோடு சரி. இடத்தைத் தீர்மானிப்பது முளைகள். நாம் வேறு கியர்பாக்ஸை வைக்கும்போது இந்த முளைகளின் ஒப்பந்தம் முறிந்துபோகிறது. அதை மறுபடியும் எழுதுவதற்குத்தான் நடுவில் ஒரு கனமான தகடு வைக்கிறோம். ஒருபக்கம் இன்ஜினின் துளைகள், மறுபக்கம் கியர்பாக்ஸின் துளைகள். பட்டறைகளில் இதை அடாப்டர் பிளேட் என்கிறோம். அலுமினியம் என்றால் 15 முதல் 20 மில்லிமீட்டர், இரும்பு என்றால் 10 முதல் 12 மில்லிமீட்டர் தடிமன் பொதுவாகப் போதும்.

நான் செய்த முதல் தகடு கெட்டுப்போனது. குன்னூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டகையில், இன்ஜின் முகத்தின் மேல் அட்டையை வைத்துச் சுத்தியலால் ஓரம் தட்டித் தட்டித் துளைகளைப் படியெடுத்தேன். கியர்பாக்ஸ் முகத்துக்கும் அப்படியே ஓர் அட்டை. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கண்ணால் நடுப்பார்த்துத் தகட்டில் குறித்தேன். எல்லா போல்ட்டும் அழகாக ஏறின. வண்டியும் ஓடியது. மூன்றாவது வாரம் முதல் கியர் போடும்போது கரகரவென்று சத்தம் வந்தது. பிறகு இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டதும் இரண்டாம் கியர் தானாக நியூட்ரலுக்கு வந்து விழத் தொடங்கியது. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் 14 கொண்டை ஊசி வளைவுகளில் அப்படி ஒருமுறை விழுந்தால் போதும், அந்த நடுக்கம் நெஞ்சில் தங்கிவிடும். கழற்றிப் பார்த்தபோது பைலட் புஷ் வட்டமாக இல்லை, முட்டை வடிவில் தேய்ந்திருந்தது. கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதியில் ஒரு ரிவெட்டின் அருகே மயிரிழை விரிசல் ஓடியிருந்தது.

காரணம் இதுதான். பிளைவீல் தன் நடுவைச் சுற்றுகிறது. இன்புட் ஷாஃப்ட் தன் நடுவைச் சுற்றுகிறது. இரண்டு நடுவும் சற்றே விலகியிருந்தால், நடுவில் மாட்டிக்கொண்ட கிளட்ச் பிளேட் ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டில் ஒருமுறை இழுபட்டாக வேண்டும். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் நொடிக்கு 50 முறை. மேட்டுப்பாளையம் போய்த் திரும்ப இரண்டு மணி நேரம் ஆகிறதென்றால் 3,60,000 முறை. எந்த எஃகும் இதை நெடுநாள் பொறுக்காது. தண்டு ஒருபக்கமாக வளைக்கப்படுவதால் கியர்பாக்ஸுக்குள் பற்கள் சாய்ந்து கவ்வுகின்றன. கியர் நழுவுவது அதனால்தான்.

சரியாகச் செய்யும் முறையை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் பள்ளத்தாக்கில் லேத் வைத்திருந்த ஓர் அண்ணன். அட்டையைத் தூக்கிப் போடச் சொன்னார். கிராங்கின் நடுக்குழியில் இறுக்கமாக உட்காரும்படி ஒரு நீளமான இரும்புத் தண்டைக் கடைந்தார். அதன் மறுமுனையை, கியர்பாக்ஸின் முன்முகத்தில் உள்ள பெரிய நடுவட்டத்துக்குப் பொருந்தும் அளவில் ஒரு தட்டுப்போலக் கடைந்தார். இன்ஜினில் அந்தத் தண்டைச் செருகியதும், கியர்பாக்ஸின் நடு எங்கே வர வேண்டும் என்பதை இன்ஜினே கையை நீட்டிக் காட்டுவதுபோல் இருந்தது. தகட்டின் நடுவில் அந்த வட்டத்தை லேத்திலேயே வெட்டி, தண்டின் மேல் ஏற்றினோம். தகடு எந்தப் பக்கமும் நகர முடியாது. சுற்ற மட்டும்தான் முடியும். இன்ஜினின் துளைகளில், நுனி கூராக்கிய சிறு திருகாணிகளை முகத்துக்குச் சற்று மேலே நிற்கும்படி ஏற்றி, தகட்டை அழுத்தித் தட்டினோம். ஒவ்வொரு துளையும் தன் நடுப்புள்ளியைத் தானே தகட்டில் குத்திக் காட்டியது.

அதற்குப் பிறகுதான் நுண்ணிய விலகலை அளக்கும் டயல் கேஜ். காந்த அடி கொண்ட அந்தச் சிறு கடிகாரத்தைப் பிளைவீலின் மேல் நிறுத்தி, அதன் ஊசிமுனை தகட்டின் நடுவட்டத்தின் உள்சுவரைத் தொடும்படி வைத்தோம். பிளைவீலைக் கையால் மெல்லச் சுற்றும்போது முள் ஏறி இறங்குகிறது. ஒரு முழுச் சுற்றில் முள் எவ்வளவு ஓடுகிறதோ அதில் பாதிதான் உண்மையான விலகல். முள்ளின் மொத்த ஓட்டம் 0.12 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதாவது நடு விலகல் 0.06 மில்லிமீட்டர், ஒரு தலைமுடியின் தடிமன். அன்று முதல் சுற்றில் முள் 0.4 ஓடியது. போல்ட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, மரச்சுத்தியலால் தகட்டின் ஓரத்தை ஒரு தட்டு, மறுபடி சுற்று. 0.3. இன்னொரு தட்டு. 0.35, அதிகம் தட்டிவிட்டோம். வெளியே மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அண்ணன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முள் 0.08க்குள் அடங்கியது. போல்ட்டுகளை இறுக்கி மறுபடி பார்த்து, முள் மாறவில்லை என்று உறுதியான பிறகே டாவல் பின்களுக்கான துளைகளைத் தகட்டோடு சேர்த்துக் குடைந்து முளைகளை அடித்தார். அந்தத் தகட்டில் இதுவரை கிளட்ச் பிளேட் உடையவில்லை.

தகட்டின் முகங்களிலும் ஊசியை ஓட்டிப் பார்க்க வேண்டும். இரு முகங்களும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால், நடு சரியாக இருந்தாலும் தண்டு சாய்ந்தே நிற்கும். இதனால்தான் பெல் ஹவுசிங்கை வெட்டி வெல்டிங் வைத்து ஒட்டும் முறையை நான் பரிந்துரைப்பதில்லை. வெல்டிங் சூட்டில் உலோகம் முறுக்கிக்கொள்ளும். வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், ஆறிய பிறகு முகத்தை மறுபடி லேத்தில் சீவியே தீர வேண்டும். இரு பக்கத் துளைகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து இடிக்கின்றன என்றால் கியர்பாக்ஸைச் சில பாகை திருப்பி வைக்கலாம். அதிகம் திருப்பினால் கியர் கம்பி சாய்ந்துவிடும், ஆயில் மட்டமும் மாறிவிடும்.

அடுத்தது ஆழம். நடுவுக்கு அடுத்தபடியாக அதிகம் தவறுவது இங்கேதான். 12 மில்லிமீட்டர் தகட்டை இடையில் வைத்தால், கியர்பாக்ஸ் 12 மில்லிமீட்டர் பின்னால் போகிறது. தண்டின் மூக்கு பைலட் புஷ்ஷை எட்டாமல் போகலாம். எட்டாவிட்டால் தண்டின் முன்நுனி பிடிப்பில்லாமல் ஆடும். நீளமான புஷ் ஒன்றைக் கடைந்து முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். இதற்கு எதிரான தவறு இன்னும் மோசம். தண்டு நீளமாக இருந்து, மூக்கு கிராங்கின் குழியின் அடியில் முட்டினால், பெல் ஹவுசிங் போல்ட்டுகளை இறுக்க இறுக்க நீங்கள் கிராங்கை முன்னோக்கித் தள்ளுகிறீர்கள். கிராங்கின் முன்பின் அசைவைத் தாங்கும் மெல்லிய வளையங்கள் சில நாட்களில் கரைந்துவிடும். இன்ஜினே போய்விடும். ஹவுசிங் முகங்கள் கையால் அழுத்தியதும் சேர வேண்டும். கடைசி ஒன்றிரண்டு நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) இடைவெளியை போல்ட் போட்டு இழுத்து மூடும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். சேரவில்லை என்றால் உள்ளே ஏதோ முட்டுகிறது என்று பொருள். கழற்றிக் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். தண்டின் நுனியில் களிமண்ணை ஒட்டிப் பொருத்திக் கழற்றிப் பார்த்தால், எவ்வளவு இடம் மிச்சம் என்பதை மண்ணே சொல்லிவிடும்.

கிளட்ச் பிளேட் இரண்டு குடும்பத்துக்கும் பொதுவான உறவுக்காரர் மாதிரி. வெளி விட்டம் இன்ஜின் பக்கத்துக்குப் பொருந்த வேண்டும், உள்ளே உள்ள பற்கள் கியர்பாக்ஸுக்குப் பொருந்த வேண்டும். வில்லிஸ் ஜீப்பின் டி-90 கியர்பாக்ஸில் இன்புட் ஷாஃப்டின் விட்டம் 1⅛ அங்குலம், நம் கணக்கில் ஒன்பது நூல், பற்கள் 10. புதிய இன்ஜினின் பிரஷர் பிளேட்டுக்கு ஏற்ற விட்டத்தில், இந்தப் பத்துப் பல் நடுவோடு ஒரு பிளேட் கடையிலேயே கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பெரும்பாலும் ஏதாவது ஒரு வண்டியின் பிளேட் பொருந்திவிடும். கிடைக்காவிட்டால் ஒன்றின் நடுவை எடுத்து மற்றொன்றில் ரிவெட் அடிப்பார்கள். அதைத் தேர்ந்த கை செய்ய வேண்டும். டீசல் இன்ஜின் என்றால் நடுவில் சுருள் ஸ்பிரிங் உள்ள பிளேட்டையே வையுங்கள். டீசலின் ஒவ்வொரு வெடிப்பும் சுத்தியல் அடிபோல் வரும். அந்த ஸ்பிரிங்குகள் அடியை வாங்கிக்கொள்ளாவிட்டால் கியர்ப் பற்கள் வாங்கும்.

பெடலை மிதித்ததும் கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங், பிரஷர் பிளேட்டின் விரல்களை எட்டுகிறதா, பெடலை விட்டதும் விலகி நிற்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். ஸ்டார்ட்டர் எந்தப் பக்கம் பூட்டுகிறது என்பதும் முக்கியம். சில வண்டிகளில் அது இன்ஜினில் இருக்கும், சிலவற்றில் பெல் ஹவுசிங்கில். ஹவுசிங்கில் இருந்தால், தகட்டின் தடிமன் அளவுக்கு ஸ்டார்ட்டர் பிளைவீல் பற்களிலிருந்து விலகிப்போகும். அதற்கும் இடம் கணக்கிட வேண்டும். சுழலும் திசை பற்றி ஒன்று: பெரும்பாலான இன்ஜின்கள் ஒரே திசையில்தான் சுழல்கின்றன. ஆனால் பழைய ஹோண்டா கார் இன்ஜின்கள் பலவும் அமெரிக்காவின் கார்வேர் இன்ஜினும் எதிர்த்திசையில் சுழல்பவை. அதைக் கவனிக்காமல் பூட்டினால் முன்னே போக ஒரு கியரும் பின்னே போக நான்கு கியரும் கிடைக்கும்.

இனி மலைக்காரர்கள் தவறவிடக் கூடாத கணக்கு. இரும்பு பொருந்திவிட்டது, ஆனால் குணம் பொருந்துகிறதா? பழைய வில்லிஸ் சிஜே-3பி ஜீப்பையே எடுத்துக்கொள்வோம். முதல் கியர் விகிதம் 2.798, இரண்டாவது 1.551, மூன்றாவது நேர் 1. சக்கர அச்சில் உள்ள பற்களின் விகிதம் 5.38. டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.2 மீட்டர். இரண்டு விகிதங்களையும் பெருக்கினால் முதல் கியரில் மொத்தம் 15. அதாவது சக்கரம் ஒருமுறை சுற்ற இன்ஜின் பதினைந்து முறை சுற்றுகிறது. இன்ஜின் 1,000 சுற்றில் வண்டி மணிக்கு 9 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் போகும். இரண்டாம் கியரில் 16, மூன்றாம் கியரில் 24.5. முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்பர் கேஸில் குறைந்த வீச்சைப் போட்டால் இன்னும் 2.46 மடங்கு குறையும். முதல் கியரில் 1,000 சுற்றுக்கு மணிக்கு 3.6 கிலோமீட்டர். பக்கத்தில் நடந்துபோகிறவர் வண்டியை முந்திவிடலாம். தோட்டத்துச் சரிவுகளுக்கு அந்த மெதுவே வரம்.

அந்தப் பெட்ரோல் இன்ஜின் நிமிடத்துக்கு 4,000 சுற்று வரை போகும். மூன்றாம் கியரில் மணிக்கு 98 கிலோமீட்டர் கிடைக்கும். அதை எடுத்துவிட்டு, 2,200 சுற்றுக்கு மேல் போகாத மெதுவான டீசலை வைத்தால் என்ன ஆகும்? அதே கியரில் 54 கிலோமீட்டர்தான். மலைப்பாதையில் அது உறுத்தாது. மேட்டுப்பாளையத்தைத் தாண்டிக் கோயம்புத்தூர் சாலையில் ஓட்டும்போது இன்ஜின் முழு வேகத்தில் கதறும், லாரிகள் பின்னால் ஹாரன் அடிக்கும். அதற்கு ஐந்து கியர் பெட்டி வேண்டும், அல்லது அச்சின் விகிதத்தை மாற்ற வேண்டும். மாறாக, 4,000 சுற்றுக்கு மேல்தான் உயிர் வரும் சிறிய கார் இன்ஜினை, அச்சு விகிதம் 3.5 உள்ள வண்டியில் வைத்தால் கோயம்புத்தூர் சாலையில் பறக்கும். கல்லட்டி மலைப்பாதையின் 36 வளைவுகளில் ஒவ்வொரு திருப்பத்திலும் கிளட்ச் எரியும் நாற்றம் வரும்.

இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். டர்போ இல்லாத இன்ஜின் தன் வலுவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை அங்கே இழக்கும். கோயம்புத்தூரில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் போதும் என்று முடிவுசெய்தவர்கள் மேலே வந்து ஏமாறுவது இதனால்தான். இறங்கும்போது நிலைமை வேறு. அப்போது வண்டியைப் பிடிப்பது பிரேக்கைவிடக் கியர்தான். மேலே சொன்ன ஜீப்பில் இரண்டாம் கியரில் 2,000 சுற்றுக்கு மணிக்கு 32 கிலோமீட்டர். கொண்டை ஊசி வளைவுகளுக்கிடையே இறங்கச் சரியான வேகம். உங்கள் புதுச் சேர்க்கையில் இரண்டாம் கியர் 2,000 சுற்றுக்கு 45 கிலோமீட்டர் தருகிறதென்றால், பிரேக்கிலேயே இறங்கி, அடிவாரத்துக்கு வருவதற்குள் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். காகிதத்தில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க அரை மணி நேரம் போதும். தகடு வெட்டுவதற்கு முன்பே போடுங்கள்.

கணக்குப் பார்த்த பிறகு, சேர்க்காமல் இருப்பதே மேல் என்றும் சில சமயம் தெரியவரும். இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே வண்டியிலிருந்து சேர்ந்தே வந்தால் தகடு, முளை, புஷ், எதுவும் வேண்டாம். முன்சக்கர இயக்கம் கொண்ட சிறிய கார்களில் இன்ஜின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் மூன்றும் ஒரே மூட்டையாக இருப்பதால், அந்த மூட்டையை அப்படியே எடுத்து ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்துப் பின்சக்கரங்களை ஓட்டச் செய்கிறார்கள். வீட்டில் கார் செய்பவர்கள் உலகெங்கும் கையாளும் வழி இது. கீழே கோயம்புத்தூரில் பந்தய ஓட்டுநர் கரிவர்தன் 1980களில் மாருதி 800-இன் உறுப்புகளை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். ஃபார்முலா மாருதி என்று பெயர் பெற்ற அந்தக் கார்களில்தான் நம் நாட்டுப் பந்தய ஓட்டுநர்கள் பலர் ஓட்டப் பழகினார்கள். எளிதில் கிடைக்கும் உறுப்புகளை அவற்றின் இயல்பான சேர்க்கையிலேயே பயன்படுத்துவதில் உள்ள அறிவை நான் மிகவும் மதிக்கிறேன். முதல் காரைச் செய்கிறவர்களுக்கு என் அறிவுரையும் அதுதான்; தகடு வேலை இரண்டாவது காருக்கு இருக்கட்டும்.

பொதுச் சாலையில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு முதலில் போய்க் கேளுங்கள். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52-இல், பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. இன்ஜின் எண் சான்றிதழில் உள்ள விவரம். வேலை முடிந்த பிறகு கேட்டால் வேலையும் பணமும் வீண்.

எல்லாம் பூட்டியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். சாவியைத் திருப்பாதீர்கள். ஸ்பார்க் பிளக்குகளை அல்லது டீசலில் குளோ பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்கின் முன்போல்ட்டில் ஸ்பேனர் போட்டு இன்ஜினைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். எங்காவது ஓரிடத்தில் மட்டும் கனமாக இருந்தால் நடு விலகியிருக்கிறது. பிறகு முதல் கியர் போட்டு, ஒருவர் கிளட்ச்சை மிதித்துக்கொள்ள, மறுபடி சுற்றுங்கள்; பின்சக்கரம் அசையக் கூடாது. இதில் தேறிய பிறகு ஸ்டார்ட் செய்து, நியூட்ரலில் வைத்து, பெல் ஹவுசிங்கின் மேல் உள்ளங்கையை வையுங்கள். சீரான அதிர்வு சரி. கையில் துடிப்புப் போல ஒரு தட்டல் தெரிந்தால் அணைத்துவிடுங்கள். மறுபடி டயல் கேஜை எடுக்க வேண்டியதுதான். முதல் நூறு கிலோமீட்டரைச் சமதளத்தில் ஓட்டுங்கள், மலை இறக்கத்தில் வேண்டாம். ஓட்டி வந்து, வண்டி ஆறிய பிறகு தகட்டின் எல்லா போல்ட்டுகளையும், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் ஒருமுறை சரிபார்த்து, ஒவ்வொன்றின் தலையிலும் பெயிண்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள். அடுத்த முறை அடியில் படுத்துப் பார்க்கும்போது, கோடு நகர்ந்திருந்தால் டார்ச் வெளிச்சத்திலேயே தெரியும்.